பார்த்து எழுதுகிறவர்கள்: பலஸ்தீனில் ஐ.நா.வின் ஆயுதமில்லாக் கண்காணிப்பாளர்கள்

சில வாரங்களுக்கு முன்னர் ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முன்றலில் நின்றுகொண்டிருந்தபோது, எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் தன் தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். தென் லெபனானில் எடுக்கப்பட்ட படம். வெள்ளை வாகனம், அதன் பக்கத்தில் 'யூ.என்.' என்று கறுப்பு எழுத்து, நீலத் தொப்பி அணிந்த இரண்டு இராணுவ அதிகாரிகள். ஒருவர் கையில் தொலைநோக்கி, மற்றவர் கையில் குறிப்புப் புத்தகம். துப்பாக்கி எங்கேயும் இல்லை.

"காக்கா, இவங்க 1948ல இருந்து அங்க இருக்காங்களாம். இவ்வளவு காலமா என்னத்தக் கிழிச்சாங்க? ஒரு குண்டையாவது நிப்பாட்டினாங்களா?" என்று கேட்டான்.

நிப்பாட்டவில்லை என்றேன். நிப்பாட்டுவதற்கு அவர்கள் அனுப்பப்படவும் இல்லை. இந்த விடயத்தில் நம்மவர்கள் பலருக்கும் ஒரு குழப்பம் இருக்கிறது. நீலத் தொப்பி போட்ட எல்லோரையும் ஒன்றாகவே பார்க்கிறோம். அதனால் கோபப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறோர் இடத்தில் கோபப்படுகிறோம். அதைக் கொஞ்சம் விளக்கவே இதை எழுதுகிறேன்.

ஐ.நா.வின் அமைதி காக்கும் பணியில் இரண்டு வகையினர் இருக்கிறார்கள். ஒன்று படை. அதில் நாடுகள் தமது சிப்பாய்களை அணியணியாக அனுப்பும், அவர்களிடம் ஆயுதம் இருக்கும். தென் லெபனானில் உள்ள யுனிஃபில் அப்படியானது. 2010 முதல் நமது இலங்கை இராணுவத்தினரும் அதில் இருக்கிறார்கள். 2024 ஒக்டோபரில் நகூரா தலைமையகத்தின் மீது இஸ்ரேல் சுட்டபோது இலங்கைச் சிப்பாய்கள் இருவர் காயமடைந்த செய்தி நினைவிருக்கும்.

மற்றது இராணுவக் கண்காணிப்பாளர்கள். இவர்கள் சிப்பாய்கள் அல்ல. கெப்டன், மேஜர் தரத்தில் உள்ள அதிகாரிகள். தனித்தனியாக வருவார்கள், வழமையாக ஒரு வருடம் இருப்பார்கள், ஆயுதம் வைத்திருக்க மாட்டார்கள். ஒரே நாட்டைச் சேர்ந்தவர்களை ஒன்றாக அனுப்பாமல், ஒரு நாட்டவருடன் வேறொரு நாட்டவரைச் சேர்த்தே ரோந்துக்கு அனுப்புவது வழக்கம். ஒருவர் கண்ணால் கண்டதை மற்றவர் தன் நாட்டு அரசியலுக்கு ஏற்ப மாற்றி எழுத முடியாது அல்லவா? எத்தனை மணிக்கு, எந்தத் திசையிலிருந்து, எத்தனை வேட்டு, யார் கோட்டைத் தாண்டினார்கள் என்பதை எழுதி மேலே அனுப்புவதுதான் வேலை. கோலான் மலையில் கண்காணிப்பு நிலையங்களில் இருப்பவர்கள் நாட்கணக்கில் அங்கேயே தங்கி, தாங்களே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, மாறி மாறித் தொலைநோக்கியில் பார்த்தபடி இருப்பார்கள். சலிப்பான வேலை. எதுவும் நடக்கவில்லை என்று எழுதுவதும் அந்த வேலையில் சேர்ந்ததுதான்.

நமக்கு இது புதிதல்ல. 2002 பெப்ரவரி 22 ஒப்பந்தத்துக்குப் பிறகு வடக்கு கிழக்கில் ஓடித் திரிந்த எஸ்.எல்.எம்.எம். வாகனங்களை என் வயதுக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நோர்வே, சுவீடன், பின்லாந்து, டென்மார்க், ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களிடமும் ஆயுதம் இருக்கவில்லை. சந்தியில் அந்த வாகனம் நின்றால் ஆட்கள் கூடிவிடுவார்கள். சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார்கள். ஒப்பந்தத்தில் இரண்டு தரப்பு மட்டுமே இருந்தது, முஸ்லிம்கள் ஒரு தரப்பாக இருக்கவில்லை என்ற ஆதங்கம் நமக்கு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அது வேறு கதை. இங்கே சொல்ல வருவது, அவர்கள் எப்படிப் போனார்கள் என்பது. 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடை செய்ததும், ஒன்றியத்தைச் சேர்ந்த மூன்று நாட்டவரும் வெளியேற வேண்டும் என்று புலிகள் சொன்னார்கள், போனார்கள். 2008 ஜனவரியில் அரசாங்கம் ஒப்பந்தத்தை முறித்தது, மிச்சமிருந்தவர்களும் போனார்கள். கண்காணிப்பாளர் என்பவர் விருந்தாளி மாதிரி. வீட்டுக்காரரில் ஒருவர் கதவைக் காட்டினால் எழும்ப வேண்டியதுதான்.

இனி பலஸ்தீனுக்கு வருவோம்.

1948 மே 29ஆம் திகதி பாதுகாப்புச் சபை 50ஆவது தீர்மானத்தை நிறைவேற்றி யுத்த நிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்தது. அதைக் கண்காணிக்க ஜூன் மாதம் முதலாவது அதிகாரிகள் வந்து இறங்கினார்கள். ஐ.நா. யுத்த நிறுத்தக் கண்காணிப்பு அமைப்பு, சுருக்கமாக 'அன்ட்ஸோ', அப்படித்தான் உருவானது. ஐ.நா.வின் முதலாவது அமைதிப் பணி இதுதான். இன்னும் முடியாத பணியும் இதுதான். ஆண்டுதோறும் மே 29ஐ அமைதி காப்போர் தினமாக உலகம் அனுஷ்டிப்பதும் இதனால்தான். முடியாமல் போன ஒரு வேலையின் பிறந்த நாளைத்தான் கொண்டாடுகிறார்கள் என்பதை அந்தத் தினத்துச் செய்திகளில் யாரும் சொல்வதில்லை.

அதன் தலைமையகம் ஜெரூஸலத்தில் பிரித்தானிய உயர் ஆணையாளர் இருந்த மாளிகை. அது இருக்கும் மலைக்கு ஜபல் முகப்பிர் என்று பெயர். உமர் (ரழி) அவர்கள் பைத்துல் முகத்தஸை அங்கிருந்து கண்டு தக்பீர் சொன்னதால் வந்த பெயர் என்று கூறப்படுகிறது.

ஆரம்பமே இரத்தத்தோடுதான். ஐ.நா. மத்தியஸ்தராக இருந்தவர் சுவீடன் நாட்டின் கவுண்ட் ஃபோக் பேர்னடொட். இரண்டாம் உலகப் போரின் கடைசியில் நாஸி வதைமுகாம்களிலிருந்து ஆயிரக்கணக்கானோரை வெள்ளை பஸ்களில் மீட்டவர். அவர்களில் யூதர்களும் இருந்தார்கள். வெளியேற்றப்பட்ட பலஸ்தீனர்கள் தமது வீடுகளுக்குத் திரும்பும் உரிமை வேண்டும் என்று அறிக்கை எழுதினார். 1948 செப்டெம்பர் 16ஆம் திகதியிட்ட அறிக்கை அது. மறுநாள் ஜெரூஸலத்தில் லெஹி என்ற ஸியோனிஸ ஆயுதக் குழு அவரைச் சுட்டுக் கொன்றது. காரில் பக்கத்தில் இருந்த பிரெஞ்சு கண்காணிப்பாளர் கேணல் செரோவும் கொல்லப்பட்டார். அந்தக் குழுவின் தலைவர்களில் ஒருவரான யிட்ஸாக் ஷமீர் பின்னாளில் இஸ்ரேலின் பிரதமரானார். ஆனால் பேர்னடொட் எழுதியது அழியவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் வந்த 194ஆவது தீர்மானம் அந்த அறிக்கையிலிருந்துதான் பிறந்தது. இன்றைக்கும் அகதிகளின் திரும்பும் உரிமைக்கு நாம் காட்டும் ஆதாரம் அதுதான்.

எழுதுவதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது கிப்யா என்ற கிராமத்தின் கதை.

1949இல் எகிப்து, லெபனான், ஜோர்தான், சிரியா ஆகிய நான்கு நாடுகளும் இஸ்ரேலுடன் தனித்தனியாகப் போர்நிறுத்த உடன்படிக்கை செய்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டு ஆணைக்குழு. இரண்டு தரப்பினரும் அதில் இருப்பார்கள், நடுவில் ஐ.நா. அதிகாரி ஒருவர் தலைவராக இருப்பார். யாராவது மீறினால் முறைப்பாடு போகும், கண்காணிப்பாளர்கள் நேரில் போய் விசாரிப்பார்கள், பிறகு வாக்கெடுப்பு. இரு தரப்பும் எதிரெதிராக வாக்களிப்பது நிச்சயம் என்பதால், தலைவரின் ஒரு வாக்குத்தான் முடிவு.

1953 ஒக்டோபர் நடுப்பகுதியில் யெஹுத் என்ற இடத்தில் வீடொன்றுக்குள் கைக்குண்டு வீசப்பட்டு ஒரு யூதத் தாயும் இரண்டு பிள்ளைகளும் கொல்லப்பட்டார்கள். ஜோர்தான் அதைக் கண்டித்தது, ஆட்களைத் தேட உதவுவதாகவும் சொன்னது. ஆனால் 14ஆம் திகதி இரவு இஸ்ரேலியப் படையினர் எல்லை தாண்டி கிப்யாவுக்குள் நுழைந்தார்கள். விடியும்போது 45 வீடுகளும் பாடசாலையும் பள்ளிவாசலும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டிருந்தன. 69 பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலானோர் பெண்களும் பிள்ளைகளும். தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவர் ஏரியல் ஷெரோன்.

சில நாட்கள் கழித்து பிரதமர் பென் கூரியன் வானொலியில் பேசினார். இராணுவத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆத்திரமடைந்த எல்லைப்புறக் குடியேற்றவாசிகள் செய்த வேலை என்றார். அன்று கண்காணிப்பாளர்கள் இருக்கவில்லை என்றால் அந்தக் கதையே வரலாறாகியிருக்கும். ஜோர்தான் ஒன்று சொல்கிறது, இஸ்ரேல் இன்னொன்று சொல்கிறது, யாருக்குத் தெரியும் உண்மை என்று உலகம் கையை உதறியிருக்கும்.

ஆனால் கண்காணிப்பாளர்கள் சம்பவம் நடந்த சில மணி நேரத்தில் அங்கே நின்றார்கள். ஜோர்தான் ஆணைக்குழுவின் பதில் தலைவராக இருந்தவர் ஹட்சிசன் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி. இடிபாடுகளிடையே அவர்கள் கவனித்தவை சின்னச் சின்ன விடயங்கள். உடல்கள் வாசற்படிகளுக்குப் பக்கத்தில் கிடந்தன. கதவுகளில் நிறையத் துப்பாக்கிச் சூட்டு அடையாளங்கள். உள்ளே இருந்தவர்கள் வெளியே வர முடியாதபடி சுடப்பட்டு, பிறகு வீடு அவர்கள் மேலேயே தகர்க்கப்பட்டிருக்கிறது என்பதை இவை காட்டின. பாவிக்கப்பட்ட வெடிபொருட்களும் நடவடிக்கையின் ஒழுங்கும் பயிற்றப்பட்ட இராணுவத்தின் கைவரிசை என்பதைக் காட்டின. அன்ட்ஸோவின் தலைவர் டென்மார்க் ஜெனரல் பென்னிகே இதையெல்லாம் ஒக்டோபர் 27ஆம் திகதி பாதுகாப்புச் சபையில் நேரில் எடுத்துச் சொன்னார். நவம்பர் 24ஆம் திகதி 101ஆவது தீர்மானம் இஸ்ரேலை மிகக் கடுமையான சொற்களில் கண்டித்தது. அமெரிக்காவும் பிரித்தானியாவும் பிரான்ஸும் சேர்ந்து கொண்டுவந்த தீர்மானம் அது. இன்று அப்படி ஒன்றைக் கற்பனை செய்ய முடியுமா?

கண்டனத்தால் செத்தவர் யாரும் எழும்பவில்லை. ஷெரோன் பின்னாளில் பிரதமரானார், அதுவும் உண்மை. ஆனால் பென் கூரியனின் பொய் நிற்கவில்லை. எழுபது ஆண்டுகள் கழித்தும் கிப்யாவில் யார் செய்தார்கள் என்று வாதாட வேண்டிய தேவை பலஸ்தீனர்களுக்கு இல்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் நானும் ஒரு பக்கச் சாட்சியாகிவிடுவேன். 1954 மார்ச்சில் நெகேவ் பாலைவனத்தின் தேள் கணவாயில் ஓர் இஸ்ரேலிய பஸ் தாக்கப்பட்டு 11 பயணிகள் கொல்லப்பட்டார்கள். ஜோர்தானைக் கண்டிக்க வேண்டும் என்று இஸ்ரேல் கேட்டது. அதே ஹட்சிசன், தாக்கியவர்கள் ஜோர்தானிலிருந்து வந்தார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று வாக்களிக்காமல் விலகி நின்றார். இஸ்ரேல் கோபித்துக்கொண்டு அந்த ஆணைக்குழுவிலிருந்தே வெளியேறியது. கிப்யாவில் ஆதாரம் இருந்தது, எழுதினார். இங்கே இல்லை, எழுதவில்லை. நமக்குப் பிடித்ததை எழுதினால் நல்லவர், பிடிக்காததை எழுதினால் விலைபோனவர் என்று பார்ப்பது எல்லாத் தரப்பிலும் இருக்கும் வியாதி.

காஸாவிலும் ஒரு காலத்தில் இவர்கள் இருந்தார்கள். 1955 பெப்ரவரி 28 இரவு இஸ்ரேலியப் படை காஸாவில் எகிப்திய முகாமைத் தாக்கியபோது கண்காணிப்பாளர்கள் விசாரித்தார்கள். ஒரு மாதத்தில் பாதுகாப்புச் சபை ஏகமனதாகக் கண்டித்தது.

பிறகு என்ன நடந்தது? கண்ணைக் குத்துவதை விடக் கண்ணை மறைப்பது இலேசு என்பதை இஸ்ரேல் கண்டுகொண்டது. 1956 சூயஸ் போருக்குப் பின்னர் எகிப்துடனான உடன்படிக்கை செத்துவிட்டது என்று அறிவித்தது. 1967 போருக்குப் பின்னர் மற்ற மூன்றையும் அப்படியே சொன்னது. அந்தப் போரின் முதல் நாளில் ஜபல் முகப்பிர் மாளிகைக்குள் ஜோர்தான் படையினர் நுழைந்தார்கள், அவர்களைத் துரத்திவிட்டு இஸ்ரேலியர் பிடித்தார்கள், ஐ.நா. ஆட்கள் வெளியே அனுப்பப்பட்டார்கள். ஆகஸ்டில்தான் திரும்ப வர முடிந்தது. ஒரு தரப்பு மட்டும் உடன்படிக்கையை ரத்துச் செய்ய முடியாது என்பது ஐ.நா.வின் நிலைப்பாடு. அதனால் அன்ட்ஸோ இன்னும் இருக்கிறது. ஆனால் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் அந்தக் கூட்டு ஆணைக்குழுக்கள் செயலற்றுப் போயின. இன்று இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த சுமார் 150 அதிகாரிகள், பெரும்பாலும் கோலானிலும் தென் லெபனானிலும் கடமையில் இருக்கிறார்கள். மேற்குக் கரையின் கிராமங்களில் இன்று ஒரு கிப்யா நடந்தால், குறிப்புப் புத்தகத்தோடு போய் நிற்க அவர்களுக்கு வழியில்லை.

இருக்கும் இடத்திலும் பாதுகாப்பில்லை. 1988 பெப்ரவரியில் தென் லெபனான் குழுவின் தலைவராக இருந்த அமெரிக்க லெப்டினன்ட் கேணல் ஹிக்கின்ஸ், தீர் நகருக்கு அருகில் ஆயுததாரிகளால் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். ஆயுதமில்லாத ஒரு கண்காணிப்பாளரைக் கடத்திக் கொன்றதை எந்த எதிர்ப்புப் போராட்டத்தின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது. 2006 ஜூலை 25ஆம் திகதி கியாம் நிலையத்தில் நடந்தது இன்னும் பயங்கரம். பகல் முழுக்க நிலையத்தைச் சுற்றிக் குண்டுகள் விழுந்தன. ஐ.நா. அதிகாரிகள் இஸ்ரேலியத் தரப்பைத் திரும்பத் திரும்ப அழைத்து, அங்கே எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொன்னார்கள். நிலையம் பல ஆண்டுகளாக அதே இடத்தில், எல்லோருக்கும் தெரியும்படி, ஐ.நா. அடையாளத்தோடு இருந்தது. மாலையில் விமானக் குண்டு நேராக விழுந்தது. ஒஸ்திரியா, கனடா, சீனா, பின்லாந்து நாடுகளின் அதிகாரிகள் நால்வரும் இறந்தார்கள். வேண்டுமென்றே செய்ததாகத் தெரிகிறது என்று கொபி அனான் பகிரங்கமாகச் சொன்னார். தவறுதலாக நடந்தது என்றது இஸ்ரேல். 2024 மார்ச் 30ஆம் திகதி ருமைஷ் அருகே நடந்து ரோந்து போன மூன்று கண்காணிப்பாளர்களும் லெபனான் மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் வெடிப்பில் காயமடைந்தார்கள்.

அன்ட்ஸோ அல்லாத இன்னொரு கண்காணிப்புக் குழுவையும் இங்கே சொல்ல வேண்டும். 1994 ரமழான் மாதத்தில், சுபஹ் தொழுகை நேரத்தில், அல்-கலீல் நகரின் இப்ராஹீமி பள்ளிவாசலில் பாருக் கோல்ட்ஸ்டைன் என்ற குடியேற்றவாசி 29 பேரைச் சுட்டுக் கொன்றான். தொழுகையில் நின்றவர்கள் சுடப்படுவது என்றால் என்ன என்பதைக் காத்தான்குடிக்கு விளக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகு அந்த நகருக்கென்று ஒரு சர்வதேசக் கண்காணிப்புக் குழு வந்தது. நோர்வே, இத்தாலி, சுவீடன், சுவிட்சர்லாந்து, துருக்கி போன்ற நாடுகளின் ஆட்கள். 2002இல் அவர்களில் துருக்கியர் ஒருவரும் சுவிஸ் பெண் ஒருவரும் கொல்லப்பட்டார்கள். அப்படியும் இருபது ஆண்டுகளுக்கு மேல் எழுதினார்கள். 40,000க்கும் அதிகமான சம்பவ அறிக்கைகள். 2019 ஜனவரியில் நெதன்யாகு இனி இவர்கள் வேண்டாம் என்றார். போய்விட்டார்கள்.

ஆனால் பென்னிகேயின் அறிக்கை பாதுகாப்புச் சபையில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லப்பட்டது. அல்-கலீல் அறிக்கைகள் இரகசியம். இஸ்ரேலும் பலஸ்தீன அதிகார சபையும் பங்கெடுத்த நாடுகளும் மட்டுமே பார்க்கலாம் என்பது ஒப்பந்தம். ஓர் இஸ்ரேலியப் பத்திரிகைக்குக் கசிந்த கொஞ்சம்தான் வெளியே தெரியும். சாட்சியத்தை மறைப்பது பாவம் என்று சின்ன வயதிலேயே ஓதிப் படித்தவர்கள் நாம். அந்த நாடுகளில் ஒன்று துருக்கி. கொழும்பில் தூதரகங்களின் முன்னால் நாம் எத்தனையோ தடவை பதாகை பிடித்திருக்கிறோம். அந்த அறிக்கைகளை வெளியிடுங்கள் என்று ஒரு பதாகையை நான் கண்டதில்லை.

2023 ஒக்டோபருக்குப் பிறகு காஸாவில் என்ன நிலை என்பதை இந்தப் பின்னணியில் பாருங்கள். ஐ.நா. இராணுவக் கண்காணிப்பாளர் இல்லை. வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள் சுதந்திரமாக நுழைய அனுமதி இல்லை. உள்ளூர்ப் பத்திரிகையாளர்கள் நூற்றுக்கும் அதிகமானோர் கொல்லப்பட்டார்கள். ஒரு வைத்தியசாலை தாக்கப்பட்டதும் இரண்டு கதைகள் வருகின்றன. மூன்றாவதாக ஒருவர் சில மணி நேரத்தில் அங்கே போய் வாசற்படியையும் கதவின் துளைகளையும் பார்த்து எழுத முடிவதில்லை.

லெபனானிலும் காலம் மாறுகிறது. 2025 ஆகஸ்டில் பாதுகாப்புச் சபை யுனிஃபில் படையை 2026 டிசம்பர் 31ஆம் திகதியோடு முடித்துக்கொள்ளத் தீர்மானித்தது. நமது சிப்பாய்களின் பணியும் அதோடு முடிகிறது. தென் லெபனானில் உள்ள அன்ட்ஸோ கண்காணிப்பாளர்கள் பாதுகாப்புக்கும் போக்குவரத்துக்கும் இவ்வளவு காலமும் அந்தப் படையைத்தான் நம்பி இருந்தார்கள். 1958இல் லெபனானுக்கு ஐ.நா. ஒரு தனிக் கண்காணிப்புக் குழுவை அனுப்பியபோது, அதில் அன்றைய இலங்கையின் அதிகாரிகளும் இருந்தார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஆகவே படை போனாலும் கண்காணிப்பாளர்கள் இருக்க வேண்டும், அவர்களின் அறிக்கைகள் பகிரங்கமாக வேண்டும் என்று கேட்க நமது வெளிநாட்டு அமைச்சுக்கு உரிமையும் இருக்கிறது, முன்னுதாரணமும் இருக்கிறது.

இவ்வளவையும் பள்ளிவாசல் முன்றலில் நின்று சொல்லி முடிக்க முடியவில்லை. பாதியில் அஸருக்கு நேரமாகிவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பையன் தானாகவே வந்தான். "காக்கா, அந்தக் கிப்யா எங்க இருக்கு? மெப்புல காட்டுங்க" என்றான். தேடிக் காட்டினேன். ரமல்லாவுக்கு வடமேற்கே, பச்சைக் கோட்டுக்குப் பக்கத்தில். ஊர் இன்னும் இருக்கிறது. அவன் விரலால் பெரிதாக்கி வீடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.